தினசரித் தியானப் பழக்கம்

தினசரித் தியானப் பழக்கம் என்பது ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடங்கள் வரை, அமைதியாக அமர்ந்து மனத்தை ஒரு பொருளின்மீது நிறுத்திப் பயிலும் வழக்கம் ஆகும். மூச்சு, ஒரு சொல், உடலின் உணர்வுகள், விளக்கின் சுடர், இறையுருவம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அப்பொருளாக அமையலாம். துறவிகளும் யோகிகளும் நெடுங்காலம் மேற்கொள்ளும் தவத்தினின்று இது அளவாலும் நோக்காலும் வேறுபட்டது. மாணவர், இல்லறத்தார், தொழில் செய்வோர் ஆகியோர் தம் அன்றாடக் கடமைகளை விடாமலேயே இதனைப் பயில இயலும்.

மனப்பதற்றம், மனச்சோர்வு, நாட்பட்ட வலி ஆகியவற்றைச் சிறிய அல்லது மிதமான அளவில் தணிக்கத் தியானம் உதவுகின்றது என்பதற்கு மருத்துவ ஆய்வுகளில் சான்றுகள் உள்ளன. கவனம், தூக்கம், குருதி அழுத்தம் ஆகியவற்றில் கிடைக்கும் பயன் குறித்த சான்றுகள் அவற்றைவிட வலுக்குறைந்தவை. பயன்கள் ஓரிரு நாளில் தோன்றுவன அல்ல. பல வாரங்கள் இடைவிடாது பயின்றோரிடமே அவை காணப்பட்டுள்ளன. தியானம் மருத்துவத்திற்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, டிசம்பர் 21 ஆம் நாள் உலகத் தியான நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

சொற்பொருள்

தியானம் என்பது "த்யான" என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் ஆகும். இச்சொல் பாளி மொழியில் "ஜான" என்றும், சீன மொழியில் "சான்" என்றும், சப்பானிய மொழியில் "சென்" என்றும் திரிந்து வழங்குகின்றது. சென் பௌத்தம் என்னும் பெயர் இதனடியாகப் பிறந்ததே. தமிழில் நிட்டை, தவம் ஆகிய சொற்களும் இதனோடு நெருங்கிய பொருளில் வழங்கி வருகின்றன. தனித்தமிழ் ஆர்வலர் ஊழ்கம் என்னும் சொல்லைப் பயன்படுத்துகின்றனர்.

பதஞ்சலியின் யோக சூத்திரம் கூறும் எட்டு உறுப்புக்கள் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பனவாகும். இவற்றுள் தியானம் ஏழாவது. மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது தாரணை. அந்நிலை இடையறாது தொடர்வது தியானம். இவ்வரையறையின்படி பார்த்தால், இன்று பலர் நாள்தோறும் சில நிமிடங்கள் செய்யும் பயிற்சியில் பெரும்பகுதி தாரணையே ஆகும். எனினும் பொது வழக்கில் இரண்டும் தியானம் என்றே குறிக்கப்படுகின்றன.

தமிழ் மரபில் தியானம்

பொருநைக் கரை

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி (பொருநை) ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஸ்ரீவைகுண்டமும் அதன் சுற்றுப்புறமும் தமிழ்நாட்டின் தியான மரபில் சிறப்பிடம் பெறுவன. நவதிருப்பதிகள் எனப்படும் ஒன்பது வைணவத் தலங்களுள் ஸ்ரீவைகுண்டம் முதலாவதாக எண்ணப்படுகின்றது. அவ்வொன்பதனுள் மற்றொன்றான ஆழ்வார்திருநகரி (திருக்குருகூர்) இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

வைணவ மரபின்படி, திருக்குருகூரில் பிறந்த நம்மாழ்வார் ஏனைய குழந்தைகளைப் போல அழுதலும் பால் உண்ணுதலும் இன்றி இருந்தார். பெற்றோர் அவரைக் கோயிலிலுள்ள புளியமரத்தின் அடியில் விட்டனர். அங்கே அவர் 16 ஆண்டுகள் யோக நிலையில் அமர்ந்திருந்தார். வடநாட்டு யாத்திரை சென்றிருந்த மதுரகவியாழ்வார், தென்திசையில் தோன்றிய ஒளியைப் பின்பற்றி இங்கு வந்து ஒரு வினாவை எழுப்ப, நம்மாழ்வார் முதன்முதலாக வாய் திறந்து விடை கூறினார் என்பது வரலாறு. அம்மரம் உறங்காப்புளி என்று வழங்கப்படுகின்றது. பிற புளியமரங்களின் இலைகள் இரவில் குவிவதுபோல் இதன் இலைகள் குவிவதில்லை என்பது நம்பிக்கை. அமர்ந்த நிலையிலேயே நம்மாழ்வாரின் திருவுருவம் கோயில்களில் அமைக்கப்படுகின்றது.

மறைந்துபோன ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் திருக்குருகூருக்கு வந்த நாதமுனிகள், மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பு என்னும் பதிகத்தை 12,000 முறை ஓதி யோகத்தில் அமர்ந்து, நாலாயிரத்தையும் பெற்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப ஓதி மனத்தை ஒருமுகப்படுத்துவது தியான வகைகளுள் ஒன்று என்பது இங்குக் கருதத்தக்கது.

ஸ்ரீவைகுண்டத்தில் 17 ஆம் நூற்றாண்டில் பிறந்த குமரகுருபரர் இயற்றிய நீதிநெறி விளக்கத்தில், தாம் மேற்கொண்ட செயலிலேயே கருத்தூன்றியவர் உடல் வருத்தத்தையும் பசியையும் உறக்கத்தையும் பிறர் செய்யும் தீமையையும் அவமதிப்பையும் பொருட்படுத்தமாட்டார் என்னும் கருத்தமைந்த வெண்பா ஒன்று உண்டு. இது தியானத்தைப் பற்றிய பாடல் அன்று. எனினும், மனம் ஒன்றில் நிலைபெறும்பொழுது ஏனைய தூண்டல்கள் வலுவிழக்கின்றன என்னும் உண்மையை இது எடுத்துக்காட்டுகின்றது.

சமணமும் சைவமும்

இதே மாவட்டத்தின் கழுகுமலையில் சமணத் தீர்த்தங்கரர்கள் தியான நிலையில் அமர்ந்திருக்கும் புடைப்புச் சிற்பங்கள் மலைப்பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சமணத் துறவிகளுக்குத் தியானம் தவத்தின் இன்றியமையாத பகுதியாக இருந்தது.

சைவ மரபில் திருமூலரின் திருமந்திரம், தன் மூன்றாம் தந்திரத்தில் எட்டுறுப்பு யோகத்தை விரிவாகக் கூறுகின்றது. மூச்சை நெறிப்படுத்துவதற்கும் மனம் அடங்குவதற்கும் உள்ள தொடர்பு அதில் வற்புறுத்தப்படுகின்றது. சிவன் கோயில்களில் வழிபாடு முடிந்தபின் பிராகாரத்தில் சிறிது நேரம் அமர்ந்து பின்னரே வெளியேறும் வழக்கம் இன்றும் பொதுமக்களிடையே உள்ளது. நவகயிலாயங்களுள் ஒன்றான ஸ்ரீவைகுண்டம் கைலாசநாதர் கோயிலுக்கு வருவோரிடமும் இதனைக் காணலாம். தியானம் என்று பெயரிடப்படாவிடினும், சாதாரண மக்களின் வாழ்வில் இடம்பெற்ற குறுகிய நேர மனஅமைதிப் பழக்கமாக இதனைக் கருதலாம்.

பிற சமயங்கள்

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களின் மாலைநேரச் செபமாலை, தமிழ் முசுலிம்களின் திக்ரு ஆகியவையும் குறித்த நேரத்தில், குறித்த சொற்களை மீண்டும் மீண்டும் கூறி, மனத்தை இறைவன்பால் நிறுத்தும் வழக்கங்களே. இவற்றின் நோக்கம் வழிபாடேயன்றி மனப்பயிற்சி அன்று. எனினும் ஒரே சொல்லை ஓதுதல், மூச்சு சீர்ப்படுதல், ஒரே நேரத்தில் அமர்தல் ஆகிய கூறுகள் தியானத்திற்கும் இவற்றிற்கும் பொதுவானவை.

இக்கால வளர்ச்சி

இருபதாம் நூற்றாண்டில் தியானம் மடங்களிலிருந்து வீடுகளுக்கு வந்தது. இம்மாற்றத்தில் பங்கு கொண்டவர்களுள் ஒருவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989) கருநாடகத்தில் பிறந்தவர். நாதமுனிகளின் வழித்தோன்றல் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர். தம் 16 ஆம் வயதில் ஆழ்வார்திருநகரிக்கு வந்தபொழுது மெய்மறந்த நிலையில் நாதமுனிகளின் யோக ரகசியம் என்னும் நூல் தமக்கு உபதேசிக்கப்பட்டதாக அவர் கூறியுள்ளார். ஆய்வாளர் சிலர் இந்நூலை அவருடைய சொந்த ஆக்கமாகவே கருதுகின்றனர். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி ஆகியோர் இவரிடம் பயின்று யோகத்தை உலகெங்கும் பரப்பினர். இவருடைய மகன் டி. கே. வி. தேசிகாச்சார் (1938-2016) 1976 இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். பயிற்சிக்கு ஏற்ப மனிதரை வளைப்பதை விடுத்து, அவரவர் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றிற்கு ஏற்பப் பயிற்சியை அமைத்தல் வேண்டும் என்பது இம்மரபின் கொள்கை.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிசி (1911-2006), இல்லறத்தாருக்கென எளியமுறைக் குண்டலினி யோகத்தை வகுத்தார். 1958 இல் இவர் நிறுவிய உலக சமுதாய சேவா சங்கத்தின் மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இயங்குகின்றன. பர்மாவில் பிறந்த சத்யநாராயண் கோயங்கா (1924-2013) 1969 இல் இந்தியாவிற்கு வந்து விபாசனா தியானத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அம்முறையில் 10 நாள் முகாமிற்குப் பின்னர் காலையும் மாலையும் ஒவ்வொரு மணிநேரம் அமருமாறு அறிவுறுத்தப்படுகின்றது.

மேலைநாடுகளில் மகரிசி மகேஷ் யோகி பரப்பிய ஆழ்நிலைத் தியானம், ஒருநாளைக்கு இருமுறை 20 நிமிடங்கள் மந்திரத்தை மனத்துள் கூறுவதாகும். ஆழ்நிலைத் தியானம் செய்வோரை ஆராய்ந்த ஆர்வர்டு பல்கலைக்கழக மருத்துவர் எர்பர்ட் பென்சன், அவர்களிடம் மூச்சின் வேகமும் உடலின் ஆக்சிசன் பயன்பாடும் குறைவதைக் கண்டார். இதனைத் தளர்வுத் துலங்கல் என்று பெயரிட்டு 1975 இல் நூலாக வெளியிட்டார். 1979 இல் மாசச்சூசெட்சு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சோன் கபாட்-சின் சமயச் சார்பற்ற விழிப்புணர்வுத் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். எட்டு வாரங்கள் நடைபெறும் இப்பயிற்சியே பின்னர் வந்த மருத்துவ ஆய்வுகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று.

செயற்படும் முறை

தியானத்தின் பயன்கள் எவ்வாறு விளைகின்றன என்பதற்கு இருவகை விளக்கங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது உடல் சார்ந்தது. அச்சமும் பரபரப்பும் உண்டாகும்பொழுது பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகின்றது. அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய இயக்குநீர்கள் சுரக்கின்றன. இதயத் துடிப்பும் குருதி அழுத்தமும் உயர்கின்றன. மூச்சு மெதுவாகவும் சீராகவும் அமையும்பொழுது இதற்கு நேர்மாறான எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் செயல் மேலோங்குகின்றது. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறை என்னும் அளவில் மெதுவாக மூச்சு விடும்பொழுது இதயத் துடிப்பு மூச்சோடு இசைந்து ஏறி இறங்குவது அளவிடப்பட்டுள்ளது.

இரண்டாவது உளம் சார்ந்தது. மனம் அலைவது அதன் இயல்பு. 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு மனம் செய்யும் வேலையை விட்டு வேறெதையோ எண்ணிக் கொண்டிருந்தது. அவ்வாறு மனம் அலைந்த நேரங்களில் அவர்கள் மகிழ்ச்சி குறைந்தவர்களாகவும் இருந்தனர். தியானத்தில் அமர்பவர் மனம் அலைவதை அறிகின்றார். அதனை மீண்டும் மூச்சிற்குக் கொண்டுவருகின்றார். சில நொடிகளில் அது மறுபடியும் அலைகின்றது. இவ்வாறு அறிதலும் திரும்புதலும் மீண்டும் மீண்டும் நிகழ்வதே பயிற்சி. நாளடைவில், எண்ணம் தோன்றியவுடன் அதன்பின் ஓடாமல், அது ஓர் எண்ணம் என்று கண்டுகொள்ளும் திறன் வளர்கின்றது. ஆகவே மனம் அலைவது தியானத்தின் தோல்வி அன்று. மனம் அலையவே கூடாது என்று எண்ணி முயல்வோர் பலர் சில நாட்களிலேயே பயிற்சியைக் கைவிட்டு விடுகின்றனர்.

தனிமனிதப் பயன்கள்

மனப்பதற்றமும் மனச்சோர்வும்

தியானத்தின் பயன்களுள் நன்கு ஆராயப்பட்டவை இவையே. 2014 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் வெளியான தொகுப்பாய்வு, மொத்தம் 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. விழிப்புணர்வுத் தியானம் மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைச் சிறிதளவு குறைக்கின்றது என்பதற்கு மிதமான வலுவுள்ள சான்று உண்டு என அது முடிவு கூறியது. உடற்பயிற்சி, மருந்து, நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

2022 இல் வெளியான மற்றோர் ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ள 276 பேர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் எட்டு வாரங்கள் விழிப்புணர்வுத் தியானப் பயிற்சி பெற்றனர். மற்றவர் எசிட்டலோபிராம் என்னும் மருந்தினை உட்கொண்டனர். இரு பிரிவினரிடமும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. இங்குத் தியானம் செய்தவர்கள் பயிற்றுநரிடம் வாரந்தோறும் கற்று, வீட்டிலும் நாள்தோறும் ஏறத்தாழ முக்கால் மணிநேரம் பயின்றனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கவனமும் நினைவாற்றலும்

குறுகிய நேரத் தியானத்தை நேரடியாக ஆராய்ந்தவற்றுள் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தினர் 2019 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 18 முதல் 45 வயது வரையுள்ள, தியானப் பழக்கம் இல்லாதவர்கள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் 13 நிமிடங்கள் ஒலிப்பதிவின் துணையுடன் தியானம் செய்தனர். மற்றவர் அதே அளவு நேரம் ஒலிப்பதிவுகளைக் கேட்டனர். எட்டு வார முடிவில் தியானம் செய்தவர்களிடம் கவனமும் நினைவாற்றலும் மனநிலையும் மேம்பட்டிருந்தன, பதற்றம் குறைந்திருந்தது. ஆனால் நான்காம் வாரத்தில் சோதித்தபொழுது இவ்வேறுபாடுகள் தென்படவில்லை. நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சிறிதாயினும் பயன் உண்டு. ஆனால் வாரக்கணக்கில் தொடர்தல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் பொருள். இது சிறிய ஆய்வு என்பதால் இதன் முடிவுகளை அறுதியானவையாகக் கொள்ள இயலாது.

தூக்கம்

தூக்கக் குறைபாடுள்ள முதியோர் 49 பேரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், ஆறு வாரங்கள் விழிப்புணர்வுத் தியானம் பயின்றவர்களின் தூக்கத்தின் தரம், நல்ல தூக்கத்திற்கான வழிமுறைகளை மட்டும் கற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. படுக்கைக்குச் சென்றபின் அன்றைய நிகழ்வுகளையும் மறுநாட் கவலைகளையும் மனம் மாறி மாறி எண்ணுவது குறைவதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது.

நாட்பட்ட வலி

நாட்பட்ட முதுகுவலியுடைய 342 பேரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், தியானப் பயிற்சி பெற்றவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தனர். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களிடம் இது 44 விழுக்காடாக இருந்தது. தியானம் வலியின் காரணத்தை நீக்குவதில்லை. வலியைப் பற்றிய அச்சத்தையும் அதனால் விளையும் துன்பத்தையும் குறைக்கின்றது.

இதய நலம்

அமெரிக்க இதயச் சங்கம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை, தியானம் இதய நோய்க்கான காரணிகளைக் குறைக்க உதவக்கூடும் என்று கூறியது. ஆயினும் சான்றுகள் போதுமானவை அல்ல என்றும், மருந்து, உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, புகைபிடித்தலைக் கைவிடுதல் ஆகியவற்றோடு துணையாக மட்டுமே அதனைக் கொள்ளலாம் என்றும் அவ்வறிக்கை அறிவுறுத்தியது.

எளிய செய்முறை

முறைகள் பலவாயினும், மூச்சினைக் கவனிக்கும் பின்வரும் முறை எல்லாச் சமயத்தாராலும் சமயச் சார்பற்றவராலும் பயிலத்தக்கது.

1. காற்றோட்டமுள்ள இடத்தில் பாயிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்திருக்குமாறு அமர்தல் வேண்டும். சம்மணமிட இயலாதோர் நாற்காலியில் அமர்வதால் குறையொன்றும் இல்லை.
2. கைப்பேசியை ஒலியடக்கித் தொலைவில் வைத்தல் நன்று. நேரத்தை அறிய மென்மையான மணியொலியை அமைத்துக் கொள்ளலாம்.
3. கண்களை மூடியோ, சில அடி தொலைவில் தரையை நோக்கியோ இருக்கலாம்.
4. மூச்சினை வலிந்து இழுக்காமல், மூக்கின் நுனியிலோ வயிற்றிலோ அது வந்து போவதை மட்டும் கவனித்தல் வேண்டும்.
5. மனம் வேறிடம் சென்றதை அறிந்தவுடன், தன்னையே கடிந்து கொள்ளாமல், கவனத்தை மூச்சிற்குத் திருப்புதல் வேண்டும்.
6. நேரம் முடிந்ததும் உடனே எழாமல், கைகால்களை மெல்ல அசைத்துச் சிறிது பொறுத்து எழுதல் நலம்.

தொடக்கத்தில் 5 நிமிடங்கள் போதுமானவை. ஓரிரு வாரங்களுக்குப் பின்னர் 10 அல்லது 15 நிமிடங்களாக உயர்த்தலாம். வயிறு நிறைய உண்டவுடன் அமர்வது தூக்கத்தை வருவிக்கும்.

பழக்கமாக்குதல்

தியானத்தைத் தொடங்குவதைவிடத் தொடர்வதே கடினம். பழக்கம் எவ்வாறு உருவாகின்றது என்பது குறித்து இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஒரு செயல் தானாகவே நிகழும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள் போதுமானவையாக இருந்தன. சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என மதிப்பிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பாதிக்கவில்லை என்பதும் அதில் அறியப்பட்டது. எனவே ஒருநாள் விட்டுப் போயிற்று என்று முழுவதையும் கைவிடுதல் தேவையற்றது.

புதிய பழக்கத்தை ஏற்கனவே உள்ள பழக்கத்தோடு இணைத்தல் பயனளிக்கும். காலையில் பல் துலக்கிய பின், நீராடிய பின், மாலையில் விளக்கேற்றிய பின் எனக் குறித்துக்கொள்ளலாம். மாலை விளக்கேற்றும் வழக்கமும் தொழுகை நேரங்களும் செபநேரமும் உள்ள வீடுகளில், அவற்றையடுத்து அமர்வதற்குத் தனியாக நேரம் தேட வேண்டுவதில்லை.

மாணவர்களும் தியானமும்

தேர்வு அச்சம் மாணவர்களைத் தியானத்தின்பால் ஈர்க்கும் காரணங்களுள் முதன்மையானது. தேர்விற்கு முந்தைய நாள் மட்டும் கண்ணை மூடி அமர்வதால் பெரும் பயன் விளையும் என எதிர்பார்க்க இயலாது. பல வாரங்களுக்கு முன்னரே தொடங்கி நாள்தோறும் பயின்றவர், தேர்வு அறையில் பதற்றம் எழும்பொழுது மூச்சிற்குத் திரும்பும் பழக்கத்தைத் தம்மிடம் கொண்டிருப்பார்.

பள்ளிகளில் அனைவருக்கும் பொதுவாகக் கற்பிப்பதன் பயன் ஐயத்திற்குரியதாகவே உள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் 8,000 இற்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வில், வகுப்பறையில் விழிப்புணர்வுத் தியானம் கற்றவர்களின் மனநலம் ஏனையோரைவிட மேம்படவில்லை. பெரும்பாலான மாணவர்கள் அதனை வீட்டில் பயிலவே இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. விருப்பமின்றித் திணிக்கப்படும் தியானம் பாடவேளைகளுள் மற்றொன்றாக முடிந்துவிடுகின்றது என்பது இதனால் விளங்கும். மேலும், தியானம் படிப்பிற்கோ போதிய தூக்கத்திற்கோ விளையாட்டிற்கோ ஈடாகாது.

எல்லைகளும் எச்சரிக்கையும்

தியானம் எல்லோருக்கும் எப்பொழுதும் தீங்கற்றது என்னும் கருத்து முழு உண்மை அன்று. 2020 இல் வெளியான, 83 ஆய்வுகளின் தொகுப்பாய்வு, தியானம் செய்தோருள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடம் விரும்பத்தகாத விளைவுகள் தோன்றியதாக மதிப்பிட்டது. பதற்றமும் மனச்சோர்வும் அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டவை. பழைய துயர நிகழ்வுகள் மனத்தில் மேலெழுதலும் சிலருக்கு நேர்வதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் கண்களைத் திறந்து, பயிற்சியை நிறுத்தி, நடத்தல் போன்ற வேறு செயலில் ஈடுபடுதல் வேண்டும். தொடர்ந்து நேர்ந்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு ஆகியவற்றிற்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரின் அறிவுரையின்றி நெடுநேரத் தியான முகாம்களில் சேர்தல் கூடாது. தியானத்தை நம்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் பெருந்தீங்கு விளைவிக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுவோருக்குத் தேவைப்படுவது உடனடி உதவியே. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானசு சேவையின் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் இலவச மனநல ஆலோசனை பெறலாம்.

விமரிசனங்கள்

தியான ஆய்வுகள் பலவற்றில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறிது. தாம் தியானம் செய்கின்றோம் என்பது பங்கேற்பவருக்குத் தெரிந்திருப்பதால், எதிர்பார்ப்பினால் விளையும் பயனைத் தனியே பிரித்தறிவது கடினம். எட்டு வாரத் தியானம் மூளையின் கட்டமைப்பையே மாற்றுகின்றது என்னும் செய்தி 2011 ஆம் ஆண்டு ஆய்வொன்றினால் பெரிதும் பரவியது. ஆனால் 200 இற்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான விரிவான ஆய்வில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

தியானம் வணிகப் பொருளாகிவிட்டது என்பது மற்றொரு குறை. நீண்ட வேலைநேரம், குறைந்த ஊதியம் ஆகியவற்றால் விளையும் மன அழுத்தத்திற்குத் தனிமனிதரின் மனத்தையே காரணமாகக் காட்டவும் அது பயன்படுத்தப்படுகின்றது என்று சமூகவியலாளர் சிலர் சுட்டுகின்றனர். அறநெறி, எளிய வாழ்வு, பிறர்க்குத் தீங்கு செய்யாமை ஆகியவற்றை முன்நிபந்தனையாகக் கொண்ட யோக மரபிலிருந்து தியானத்தை மட்டும் பிரித்தெடுப்பது பொருந்தாது என்பது மரபுவழி ஆசிரியர்களின் கருத்து. பதஞ்சலியின் எட்டு உறுப்புக்களுள் இயமமும் நியமமும் முதலில் வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

யோகம்
பிராணாயாமம்
திருமந்திரம்
நம்மாழ்வார்
ஆழ்வார்திருநகரி
ஸ்ரீவைகுண்டம்
விபாசனா